வீடு கிரயம் பண்ணிக் குடி போனா ஒரே குப்பை: வித்தவங்ககிட்ட கேக்கலாமுங்களா?

பல்லடம் ரோடு அம்மிணி (கேள்வி)

வணக்கமுங்க. திருப்பூர்ல பல்லடம் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு பழைய வீடு வாங்கியிருக்கறோம். கீழே ரெண்டு ரூம், ஹால், சமையல்கட்டு. மேலே சிமெண்ட் சீட் போட்ட நீளமான ஒரே ரூம். வித்தவங்க வயசான தம்பதி. மேல் ரூம்ல ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள்னு தையல் மெஷின் எல்லாம் போட்டு ரொம்ப வருசமா பீஸ் ரேட்டுக்குத் தெச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க. கண்ணு சரியாத் தெரியறதில்லைன்னு தொழிலை விட்டுப்போட்டு, கோயமுத்தூர்ல இருக்கற பையன்கிட்டப் போறதுக்காக வித்தாங்க. எங்களுக்கு இதுதான் முதல் சொந்த வீடு.

வைகாசிக்குள்ள பால் காய்ச்சிரணும்னு எங்க அத்தை கண்டிசனாச் சொல்லிட்டாங்க. ஆனி, ஆடி ரெண்டு மாசமும் எங்க பக்கம் புது வீட்டுக்குப் போகமாட்டாங்க. ஆவணி வரைக்கும் வாடகையும் லோன் தவணையும் சேர்த்துக் கட்டற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லைங்க. கிரயம் முடிஞ்ச அன்னைக்குத்தான் அவங்க டெம்போ வெச்சு சாமான் ஏத்துனாங்க. சாவி கைக்கு வர்றப்ப ராத்திரி பத்து மணி. விடியக்காலம் நாலரைக்கு முகூர்த்தம். நானும் எங்க அக்காவும் சாமி ரூமையும் அடுப்படியையும் மட்டும் கழுவி விட்டுப் பால் காய்ச்சினோம். பொழுது விடிஞ்ச பின்னாடிதான் வீடு கிடந்த கோலம் தெரிஞ்சுது.

சமையல்கட்டுல எண்ணெய்ப் பிசுக்கு, கரப்பான். பாத்ரூம் டைல்ஸ்ல போர்த் தண்ணி உப்பு வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்குது. இதெல்லாம் பழைய வீடுன்னா இருக்கறதுதான், நாங்களே தேச்சுக்கறோம். அட்டாலியில (பரண்ல) கிழிஞ்ச மெத்தை, அதுக்குள்ள எலி குட்டி போட்டிருக்குது. பாத்ரூம்ல ரெண்டு குழாயைக் கழட்டிட்டுப் போய், பைப்புல துணியைச் சுத்தி அடைச்சு வெச்சிருக்காங்க. வீடு பார்க்க வந்தப்ப அந்தக் குழாய் இருந்துச்சுங்க. நானே திறந்து கை கழுவினேன்.

ஆனா எனக்கு ஆத்திரம் வந்தது மேல் ரூமைப் பார்த்துத்தான். ஒரு ஓரத்துல பதினாலு மூட்டை கட்டிங் வேஸ்ட், துணி வெட்டினதுல மிஞ்சின துண்டு. மெஷின் நின்ன இடமெல்லாம் எண்ணெய் ஊறி, அதுல பஞ்சு படிஞ்சு கெட்டியாகிப்போச்சு. அதைச் சுரண்டறப்ப மொசைக் இடுக்குல என்னமோ மின்னுச்சு. எடுத்துப் பார்த்தா உடைஞ்ச ஊசி. அப்புறம் தேடத் தேட வந்துட்டே இருக்குது. சீமாறுக்கு ஒண்ணு வந்தா ரெண்டு இடுக்குலயே தங்கிருது. எங்க வீட்ல எட்டு மாசக் குழந்தை இருக்குதுங்க, இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்குது. எது கிடைச்சாலும் வாயில போட்டுக்குது. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில கணக்கு எழுதறேன். எங்க கம்பெனியில ஒரு ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டுல ஒட்டி, எந்த மெஷின், எத்தனை மணின்னு எழுதின பின்னாடிதான் டெய்லருக்குப் புது ஊசி தருவாங்க. வெளிநாட்டுக்காரங்க போடற துணியில ஒரு துண்டு போயிரக்கூடாதுன்னு அவ்வளவு பார்க்கறோம். நம்ம வீட்டுக் குழந்தைக்கு அந்த அக்கறை வேண்டாமுங்களா?

குடி வந்த வாரத்துலயே கக்கூஸ்ல தண்ணி இறங்கலை. செப்டிக் டேங்க் மூடியைத் திறந்தா விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு நிக்குது. கீழ் சம்ப்புல ஒரு சாண் சேறு. அதுல இருந்து ஏத்தின தண்ணியிலதான் அத்தனை பேருக்கும் சமைச்சிருக்கறோம்.

போன் பண்ணினேன். அந்தம்மா எடுத்து, "எல்லாம் சுத்திப் பார்த்துத்தான அம்மிணி வாங்குனீங்க, இருக்கற நெலமைக்குத்தான வெலை பேசினோம்"னாங்க. கிளம்பற வீட்டைக் கூட்டித் தொடச்சுட்டுப் போனா சீதேவியும் கூடப் போயிரும்னு அவங்க ஆத்தா சொல்லுவாங்களாம், அதனால கூட்டலைன்னு சொன்னாங்க. அதுக்குள்ள பையன் போனை வாங்கி, "சுத்தம் பண்ணித் தரணும்னு பத்திரத்துல எங்க எழுதியிருக்குது, காட்டுங்க"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாரு.

முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்னு பத்திரச் செலவுக்கே கையில இருந்ததெல்லாம் போயிருச்சு. இப்ப ஆள் கூலி, செப்டிக் லாரி, குழாய்னு இன்னும் இருபதாயிரத்துக்கு மேல ஆகும்போல இருக்குது.

அவங்ககிட்ட எதையெல்லாம் நியாயமாக் கேக்கலாம்? மூட்டையை நாங்களே வித்துக்கலாமா? மேல் ரூம் ஊசிக்கு என்ன வழி? இன்னொண்ணு, சாமி ரூம்ல அவங்க குலதெய்வம் போட்டோவை விட்டுட்டுப் போயிருக்காங்க. அதைத் தொடவும் மனசில்லை, எங்க சாமி பக்கத்துல வெச்சுக்கவும் முடியலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அவிநாசி ஆவண எழுத்தர்

பத்திரம் எழுதறது என் தொழில். உங்க பட்டியல்ல இருக்கறது எல்லாமே ஒரே வகை இல்லைங்க. எல்லாத்தையும் சேர்த்து "வீடு சுத்தமில்லை"ன்னு கேட்டீங்கன்னா ஒண்ணும் கிடைக்காது. பிரிச்சுக் கேளுங்க.

1882-ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டத்துல 55-ஆவது பிரிவுதான் வித்தவருக்கும் வாங்கினவருக்கும் என்ன கடமைன்னு சொல்லுது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் அதுதான் பொருந்தும். சொத்துல இருக்கற முக்கியமான குறை, வாங்கறவர் சாதாரணமாப் பார்த்தாக் கண்டுபிடிக்க முடியாததா இருந்து, வித்தவருக்கு அது தெரிஞ்சிருந்தா, அவர் சொல்லியாகணும். கண்ணுக்குத் தெரியற அழுக்கு இதுல வராது. எண்ணெய்ப் பிசுக்கு, உப்புக் கறை, தரைக் கறை மூணும் நீங்க பார்த்த வீட்டோட சேர்த்தி. சம்ப் சேறும் மூடியைத் திறந்தாத் தெரியறதுதான். அங்கே பையன் சொல்றதுல நியாயம் இருக்குது.

ஆனா குழாய் அப்படி இல்லை. அதே சட்டத்தோட 8-ஆவது பிரிவுல, வீட்டை மாத்திக் குடுத்தா பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், வீட்டுக்குன்னு நிரந்தரமா வெச்ச மத்த பொருளெல்லாம் வீட்டோடயே சேர்ந்து வரும்னு இருக்குது. குழாய் அதுல அடங்கும். போதாததுக்கு, ஒப்பந்தம் போட்டதுல இருந்து ஒப்படைக்கற வரைக்கும் சொத்தை ஒரு பொறுப்பான சொந்தக்காரர் எப்படிப் பார்த்துக்குவாரோ அப்படிப் பார்த்துக்கணும்னும் 55-லயே இருக்குது. நீங்க பார்த்தப்ப இருந்த குழாய் இப்ப இல்லைன்னா கேக்க உங்களுக்கு உரிமை இருக்குது.

மூட்டையும் மெத்தையும் அவங்க சாமான். சுவாதீனம் ஒப்படைக்கறதுன்னா வீட்டைக் காலியா ஒப்படைக்கறது. உங்க பத்திரத்தை எடுத்துப் பாருங்க, "இன்றே காலி சுவாதீனம் ஒப்படைத்து"ன்னோ அதை ஒட்டியோ ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் பையனுக்குக் காட்டணும். அதுக்காக நீங்களா வித்துராதீங்க. இத்தனாந்தேதிக்குள்ள எடுத்துக்கங்க, இல்லைன்னா நாங்களே அப்புறப்படுத்திருவோம், ஆகற செலவை உங்ககிட்டக் கேப்போம்னு வாட்ஸ்அப்ல எழுதி, போட்டோவும் சேர்த்து அனுப்புங்க. சுத்தம் பண்ணிட்டீங்கன்னா ஆதாரம் போயிரும், அதனால மிச்சத்தைத் தொடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்துருங்க.

கிரயத் தேதி வரைக்கும் வீட்டு வரி, தண்ணி வரி, கரண்ட் பில் பாக்கி இருந்தா அதுவும் அவங்க பொறுப்பு. இதை இன்னும் பார்க்கலைன்னா உடனே பாருங்க. கரண்ட் பாக்கி அந்த இணைப்போடயே நிக்கும், கடைசியில உங்க தலையிலதான் வரும். மேல மெஷின் ஓடின வீடு, அதனால பில்லு எந்தக் கட்டண வகையில, வீட்டுக்கா தொழிலுக்கா, வருதுன்னும் பார்த்துக்கங்க.

செப்டிக் டேங்க் இழுபறிதான். அடைப்பு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சு மறைச்சாங்கன்னு காட்ட முடிஞ்சாப் பேசலாம். நிறைஞ்சுபோன டேங்க்னா அது பராமரிப்பு வேலைன்னுதான் சொல்லுவாங்க. பாதிப் பாதி கேட்டுப் பாருங்க.

ஒத்தே வரலைன்னா வக்கீல் நோட்டீசுக்கு ஓடாதீங்க. ஜில்லா கோர்ட்டுல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்குது. கேஸ் போடறதுக்கு முன்னாடியே அங்கே மனு குடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசி முடிச்சு வெப்பாங்க. மக்கள் நீதிமன்றத்துல முடிஞ்சா அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் இல்லை.

சரவணம்பட்டி

இங்கே பலபேர் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்கம்பாங்க. ஒரு குடும்பம் தன்னோட பழைய வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு வித்ததுல அது எடுபடாது. பில்டர்கிட்டப் புதுசா வாங்கினாத்தான் கதை வேற. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14-ஆவது பிரிவுப்படி ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருசத்துக்குள்ள கட்டுமானக் குறை வந்தா பில்டர் காசு வாங்காம சரி பண்ணித் தரணும். நீங்க வாங்கினது பழைய வீடு, அதனால ஆவண எழுத்தர் அண்ணா சொன்ன வழிதான் சரி.

கோபி ஆத்தா

நான் வித்த பக்கத்துல இருந்து பேசறேன் கண்ணு. போன தை மாசம் எங்க வீட்டை வித்தோம். கட்டிக்குடுத்து வந்த நாள்ல இருந்து நான் வாசக்கூட்டிக் கோலம் போட்ட வீடு.

அந்தம்மா சீதேவியைப் பத்திச் சொன்னதை நொண்டிச் சாக்குன்னு நினைச்சுக்காத. எங்க பக்கம் வீட்டுல ஒருத்தர் ஊருக்குக் கிளம்பினாலே அவங்க போனவுடனே கூட்டமாட்டோம். வீட்டை விட்டே போறப்ப எப்படிக் கை வரும்? எங்க வீட்ல நான் முந்தின நாளே கூட்டிக் கழுவிட்டு, கிளம்பற அன்னைக்குச் சீமாறைத் தொடாம வந்தேன். அந்தம்மாவுக்கு அந்த முந்தின நாள் கிடைச்சிருக்காது. கிரயத்து அன்னைக்கே சாமான் ஏத்தினா எந்தக் கிழவிக்குத்தான் முடியும்? பையன் பரபரன்னு ஏத்தியிருப்பான். எதை எடுத்தோம், எதை விட்டோம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. குலதெய்வம் போட்டோவைத் தெரிஞ்சு யாரு விட்டுட்டுப் போவாங்க? அவங்களே அதைத் தேடிட்டுத்தான் இருப்பாங்க.

அதனால முதல்ல பையன்கிட்டப் பேசாத. அந்தம்மாகிட்டப் பேசு. குழாயையும் டேங்க்கையும் அப்புறம் எடு. "உங்க சாமி போட்டோ எங்க வீட்ல பத்திரமா இருக்குது, வந்து வாங்கிக்கங்க"ன்னு அதை மொதல்ல சொல்லு. நாலு வெத்தலை பாக்கு வெச்சு எடுத்துக் குடு. அவங்க வீட்டுக்குள்ள கால் வெச்சுப் பார்த்தாங்கன்னா மேல் ரூம் ஊசியை நீ சொல்லவே வேண்டாம். தொழில் பண்ணினவங்களுக்கு அது தெரியும்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. வெலை பேசறப்ப, பெயிண்ட் அடிக்கணும், தரை கெட்டுக் கிடக்குதுன்னு சொல்லிக் கொறைச்சீங்களா? எங்க வீட்டை வாங்கினவங்க பொடக்காளியில (கொல்லையில) ஓடு உடைஞ்சதைக் காட்டி அம்பதாயிரம் கொறைச்சாங்க, குடி போன பின்னாடி அதையே ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லிப் போன் பண்ணினாங்க. ஒரே குறைக்கு ரெண்டு தடவை கேட்டா வித்தவங்க மனசு விட்டுப்போயிரும்.

பல்லடம் ரோடு அம்மிணி

கேட்டது நல்லதுங்க ஆத்தா. பெயிண்டுக்குன்னு சொல்லி 40,000 கொறைச்சாங்க, அது வாஸ்தவம். அதனால சுவரைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். தரையைப் பத்தியோ டேங்க்கைப் பத்தியோ அப்ப யாரும் பேசலை. மேல் ரூம் பார்த்தப்ப மெஷின் ஓடிட்டு இருந்துச்சு, கீழே முழுக்கப் பீஸ் கொட்டிக் கிடந்துச்சு, தரையே தெரியலை.

கரண்ட் ஆபீஸ்ல பார்த்தோம், பாக்கி ஒண்ணும் இல்லை. தண்ணி வரி மட்டும் ஒரு அரையாண்டு நிக்குது.

பேட்லாக் மாஸ்டர், அனுப்பர்பாளையம் புதூர்

ஊசிக்கு நான் சொல்றேங்க. கூட்டியும் தொடச்சும் தீராது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஆக்கர் கடையில (பழைய இரும்புக் கடையில) கிடைக்கும், பெருசா வாங்குங்க. ஒரு காடாத் துணியில சுத்தி, கயிறு கட்டி, தரையை ஒட்டி மெதுவா இழுங்க. ஊசி இரும்பு, காந்தத்துல ஒட்டும். துணியை உதறினா விழுந்துரும். நீளவாட்டுல ஒரு தடவை, குறுக்குவாட்டுல ஒரு தடவை. கெட்டியாப் படிஞ்ச பஞ்சைச் சுரண்டி எடுத்துட்டு மறுபடியும் இழுங்க, அதுக்கடியிலதான் நிறைய இருக்கும். சுவர் ஓரம், ஜன்னல் திட்டு, சுவிட்ச் போர்டுக்குக் கீழே இதெல்லாம் விட்டுராதீங்க. டெய்லருங்க உடைஞ்ச ஊசியை ஜன்னல் திட்டுல வெக்கற பழக்கம் உண்டு.

எடுத்த ஊசியைக் குப்பையில போட வேண்டாம். குப்பை அள்ளறவங்க கையில ஏறிரும். ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடியை டேப் ஒட்டி, உள்ளே என்ன இருக்குதுன்னு சொல்லிக் கையில குடுங்க.

மெஷின் ஆயில் கறைக்கு ஆசிட் ஊத்தாதீங்க. மொசைக்ல இருக்கறது சிமெண்டும் மார்பிள் கல்லும், ஆசிட் அதைத் தின்னுரும். மர மில்லுல மரத்தூள் வாங்கிக் கனமாக் கொட்டி ஒரு ராத்திரி விடுங்க, எண்ணெயை இழுத்துக்கும். கூட்டிட்டுச் சோப் ஆயில் போட்டுத் தேயுங்க. இடுக்கெல்லாம் காஞ்ச பின்னாடி ஒயிட் சிமெண்ட் போட்டு அடைச்சுட்டா, மிச்சம் மீதி ஒரு துண்டு இருந்தாலும் மேல வராது. அதுவரைக்கும் குழந்தையை மேல கொண்டு போகாதீங்க. நீங்களும் செருப்பில்லாம நடக்காதீங்க.

பதினாலு மூட்டையை லேசா நினைக்காதீங்க. பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்குல போகும். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. பஞ்சாக் கிழிச்சு, கழிவுப் பஞ்சுல நூல் ஓட்டற ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லுக்குப் போகுது. அவங்க காசு போட்டு வெச்சிருந்த சரக்கா இருக்கலாம், பணமாகற பொருள்ங்கறதால கண்டிப்பா எடுக்க வருவாங்க. அதுவரைக்கும் நனையாமப் பார்த்துக்கங்க, நனைஞ்சா விலை போகாது. தப்பித்தவறி எரிச்சுராதீங்க. வெளியில குப்பை எரிக்கறதுக்கு 2016-லயே பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் வெச்சிருக்குது, பாலியஸ்டர் கலந்த துணிப் புகை குழந்தைக்கும் ஆகாது.

பவானி, சுகாதாரத் துறை

எல்லாத்துக்கும் முன்னாடி தண்ணியைப் பாருங்க. குழந்தைக்கு இன்னைக்கே வெளியில இருந்து நல்ல தண்ணி கொண்டு வந்து, காய்ச்சிக் குடுங்க. சம்ப்பை மோட்டார் வெச்சு முழுக்க இறைச்சுருங்க. மூடியைத் திறந்து நல்லாக் காத்தாட விட்டுட்டுத்தான் ஆள் இறங்கணும். ஒருத்தர் இறங்கினா ஒருத்தர் மேல நிக்கணும், மூடிக் கிடந்த தொட்டிக்குள்ள மூச்சு முட்டி இறந்தவங்க இருக்காங்க. சேறு வாரி, சுவரைப் ப்ளீச்சிங் பவுடர் கரைச்சுத் தேய்ச்சு, ரெண்டு தடவை அலசி வெளியேத்துங்க. அப்புறம் பிடிக்கற தண்ணிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர். வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில படிஞ்ச பின்னாடி தெளிவை மட்டும் ஊத்தி, அரை மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்க. மேல் டேங்க்கையும் அதே கையோட கழுவிருங்க. ரெண்டுக்கும் மூடி இறுக்கமா இருக்கணும். டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாகிரும்.

பாத்ரூம் உப்புக் கறைக்கு ஆசிட் ஊத்திட்டு, அதே இடத்துல ப்ளீச்சிங் பவுடர் போடாதீங்க. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு கிளம்பும். அடைச்ச பாத்ரூம்ல அது நெஞ்சை அடைக்கும்.

செப்டிக் டேங்க்குக்கு லாரியைத்தான் கூப்பிடணும். உள்ளாட்சியில லைசென்ஸ் வாங்கின லாரியான்னு கேளுங்க. 14420-க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க. கம்மிக் கூலிக்கு ஆள் இறங்கி அள்ளித் தர்றேன்னு யாராவது வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருங்க. 2013-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்பில்லாம ஆளை இறக்கறது குற்றம், முதல் தடவைக்கே 2 வருசம் வரைக்கும் ஜெயில், 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். சட்டத்தை விடுங்க, அந்த டேங்க்குக்குள்ள போற ஆளும் ஒரு வீட்டுப் பிள்ளை.

சரவணம்பட்டி

அவிநாசி அண்ணா, எங்க மாமா ஒருத்தர் சூலூர்ல பழைய வீடு பேசிட்டு இருக்காரு. இந்த மாதிரி ஆகாம அக்ரிமெண்ட்லயே என்ன எழுதணும்னு சொல்லுங்களேன்.

அவிநாசி ஆவண எழுத்தர்

கிரயத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வீடு காலியாகணும்னு தேதி போட்டு எழுதச் சொல்லுங்க. அதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். சாமான் இருக்கற வீட்டைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. காலியான வீட்டைப் பகல் வெளிச்சத்துல, கிரயத்துக்கு முந்தின நாள் ரெண்டு பக்கமும் சேர்ந்து பார்க்கணும். ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, சம்ப் மூடி, டேங்க் மூடி, அட்டாலி வரைக்கும் பார்த்துரணும். ஃபேன், லைட், மோட்டார், கேஸ் மேடை, வாட்டர் ஹீட்டர் இதுல எது வீட்டோட வருது, எதை அவங்க எடுத்துக்கறாங்கன்னு அக்ரிமெண்ட் பின்னாடி ஒரு பட்டியல் ஒட்டி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

பாக்கிப் பணத்துல ஒரு தொகையைச் சாவி வாங்கறப்பத் தர்றதா நிறுத்தி வெக்கறவங்களும் உண்டு. பேசி ஒத்துக்கிட்டா நல்லது. ஆனா பத்திரத்துல முழுப் பணமும் வரப்பெற்றேன்னு எழுதறப்ப, பாக்கி நிக்கறதுக்கு வித்தவர் தயங்குவாரு, அதுல நியாயமும் இருக்குது. அதனால காலி பண்ற தேதியைத்தான் நான் அழுத்திச் சொல்லுவேன். சார்பதிவாளர் முன்னாடி கையெழுத்துப் போட்டு எழுந்த பின்னாடி வாங்கினவர் கையில இருக்கறது தயவு மட்டும்தான். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் பேச்சுக்கு மதிப்பு இருக்குது.

அப்புறம் வித்தவங்களோட உறவை முறிச்சுக்காதீங்கன்னும் சொல்லுங்க. கரண்ட் இணைப்புப் பேர் மாத்தறப்ப பழைய சொந்தக்காரர் சம்மதக் கையெழுத்து இருந்தா டெபாசிட்டோட சேர்ந்து சுலபமா மாறிரும். வீட்டு வரிப் புத்தகம், பழைய ரசீதுன்னு ஏதாவது ஒண்ணு கேட்டு நாலு தடவை போன் பண்ண வேண்டியிருக்கும்.

பல்லடம் ரோடு அம்மிணி

எல்லாருக்கும் நன்றிங்க. கோபி ஆத்தா சொன்னபடி அந்தம்மாவுக்கே போன் பண்ணி, சாமி போட்டோவை மட்டும் சொன்னேன். அழுதுட்டாங்க. கொண்டு போன மூட்டையை எல்லாம் பிரிச்சுத் தேடிட்டு இருந்திருக்காங்க. அடுத்த நாளே பஸ் ஏறி வந்துட்டாங்க, வீட்டுக்காரரும் கூட வந்தாரு. வெத்தலை பாக்கு வெச்சுப் போட்டோவைக் குடுத்தேன்.

மேல் ரூம்ல காந்தத்துல ஒட்டின ஊசியைப் பாட்டிலோட காட்டினேன். பெரியவர் ஒண்ணும் பேசலை. கீழே குத்த வெச்சு, அவரே காந்தத்தை வாங்கி ஜன்னல் ஓரமெல்லாம் இழுக்க ஆரம்பிச்சுட்டாரு. மாஸ்டர் சொன்னது சரிங்க, ஜன்னல் திட்டுல மட்டும் ஒரு கை ஊசி இருந்துச்சு. கண்ணு தெரியாம உடைச்சதெல்லாம் எங்க விழுந்துச்சுன்னு தேட முடியலைம்மான்னு அவர் சொன்னப்ப எனக்குக் கோவம் இருந்த இடம் தெரியலை. ஆனாலும் செலவு செலவுதானுங்க, அதைப் பத்தியும் பேசிட்டேன்.

குழாய் ரெண்டும் பையன் வீட்டுக்குப் போயிருச்சாம். ஆள் வெச்சு ஏத்தினப்ப அவங்க கழட்டிட்டாங்கன்னு சொன்னாங்க. புதுசு ரெண்டு அவங்களே வாங்கித் தர்றாங்க. செப்டிக் லாரிக்குப் பாதி, தண்ணி வரி பாக்கி முழுக்க அவங்க பொறுப்பு. மூட்டையை ஞாயித்துக்கிழமை பையன் டெம்போ கொண்டு வந்து எடுத்துக்கறாரு. சம்ப், தரை, சமையல்கட்டு எங்களோடது, அதை நான் கேக்கலை. மெத்தையை எரு அள்ளற மாட்டு வண்டிக்காரர் கூட வேண்டாம்னுட்டாரு, அதைக் கார்ப்பரேசன் வண்டிக்கே குடுத்துட்டோம்.

அவிநாசி அண்ணா, இதை வாட்ஸ்அப்ல இப்படி எழுதி அனுப்பலாமுங்களா: "ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளை எடுத்துக்கொள்வதாகவும், குழாய் 2, செப்டிக் லாரி செலவில் பாதி, தண்ணீர் வரி பாக்கி ஆகியவற்றைத் தருவதாகவும் பேசிக்கொண்டோம்."

அவிநாசி ஆவண எழுத்தர்

ஞாயிற்றுக்கிழமைன்னு மட்டும் போடாம தேதியைப் போடுங்க. லாரிக்காரர் ரசீதுல இருக்கற தொகையில பாதின்னு எழுதுங்க, எவ்வளவுன்னு பின்னாடி பேச்சு வராது. தண்ணி வரி எந்த அரையாண்டுக்குன்னும் சேர்த்துக்கங்க. பையன் நம்பருக்கும் பெரியவர் நம்பருக்கும் ரெண்டுக்கும் அனுப்புங்க, பெரியவர் "சரி"ன்னு ஒரு பதில் போட்டாப் போதும். மூட்டை எடுக்க வர்ற அன்னைக்கே கரண்ட் பேர் மாத்தற சம்மதப் படிவத்துல பெரியவர் கையெழுத்துக்கும் ஏற்பாடு பண்ணிருங்க.